அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்

அந்தப் பார்சல் கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூடக் கொஞ்சம் யோசிப்பார். "சாரி சார் இருக்காரா?" என்று கேட்டுப் பாருங்கள், உடனே மாடிப்படியைக் காட்டுவார். கீழே குடோன், மேலே ஆபீஸ். ஆபீஸின் கோடியில் ஜன்னலோரமாகப் புகார்ப் பிரிவு. கம்பெனி செய்யும் அத்தனை கோளாறுகளுக்கும் ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்துக் கடிதம் போடுவதுதான் அவருடைய வேலை. கல்யாணமான வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். தலை நரைத்தது, மூக்குக் கண்ணாடி தடித்தது, நாற்காலி மட்டும் மாறவில்லை. உடைந்த பாத்திரத்துக்கும் அவர்தான் சாரி, நனைந்த துணி மூட்டைக்கும் அவர்தான் சாரி, திசை தெரியாமல் போய்ச் சேர்ந்த கட்டில் காலுக்கும் அவர்தான் சாரி.

புகார்களை மூன்று அடுக்காகப் பிரித்து வைப்பார். தாமதம், சேதம், காணவில்லை. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கடிதம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். புகார் எண்ணைத் தட்டினால் பெயரும் முகவரியும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அடியில் ஒரு கையெழுத்து, தீர்ந்தது வேலை. புகாரின் முதல் வரியைத் தாண்டிப் படிக்க வேண்டிய தலையெழுத்து அவருக்கு இல்லை. மூன்று கடிதத்துக்கும் உயிர் ஒரே வினைச்சொல்லில் இருந்தது: அபாலஜைஸ். 'தங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின் அதற்காக அபாலஜைஸ் செய்கிறோம்.' யார் செய்தார்கள், என்ன செய்தார்கள், ஒரு எழுத்து இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜர் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"வருத்தம்னு எழுது. எவ்வளவு வேணும்னாலும் எழுது, காசா பணமா. தப்புன்னு மட்டும் எழுதிடாதே. தப்புன்னு ஒரு வார்த்தை இருந்தா அதைத் தூக்கிட்டு கோர்ட்டுக்குப் போவாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அதைச் சம்பளத்துக்குச் செய்தவர் நம் சாரி சார். செய்தது மட்டுமா, அதில் அவருக்குப் பெருமை வேறு.

ஆபீஸில் இப்படி என்றால் வீட்டில் தலைகீழ். அவர் வாயிலிருந்து ஒரு 'மன்னிச்சுக்கோ' விழுந்து யாரும் கேட்டதில்லை. மனைவி ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் நாள் பூரா மன்னிப்பு கேக்கறீங்களே, வீட்டுக்குன்னு ஒண்ணே ஒண்ணு மிச்சம் வெச்சு எடுத்துட்டு வரக் கூடாதா?"

அவரை மட்டும் சொல்லி என்ன? நம்மில் யார் யோக்கியம்? பஸ்ஸில் காலை மிதித்தால் 'சாரி', தும்மினால் 'சாரி', போன் மாறிப் போனால் 'சாரி'. ஆங்கிலத்தில் கேட்பதற்கு நமக்குக் கூச்சமே கிடையாது. அது யார் வீட்டுச் சொல்லோ. அதையே தமிழில், பெற்றவளிடமோ கட்டினவளிடமோ கூடப் பிறந்தவளிடமோ சொல்லச் சொல்லுங்கள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக வேறு வழி வைத்திருக்கிறோம். சாரி சாருக்கும் அவர் தங்கைக்கும் சிறு வயதிலிருந்தே எத்தனையோ சண்டை. எது நடந்தாலும் கடைசியில் தங்கை வந்து, "சாப்பிட்டியாண்ணா?" என்று கேட்பாள். அத்தோடு சரி. யார் பக்கம் தப்பு என்ற பேச்சே அதற்குப் பிறகு கிடையாது. கேட்பது எப்போதும் அவள்தான் என்பதை அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை.

இந்தக் கதை நடந்த சமயத்தில் புகார்ப் பிரிவில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கடிதங்களின் நகலை ஃபைல் செய்வது அவள் வேலை. துருதுருவென்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் டீ வேளையில் கேட்டாள்.

"சார், தினமும் இத்தனை தடவை அபாலஜைஸ்னு எழுதறோமே, அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?"

சாரி சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மேஜையில் ஒரு தடித்த ஆங்கில அகராதி வைத்திருப்பார். வேலை இல்லாதபோது அதைப் புரட்டுவதுதான் பொழுதுபோக்கு. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து மேஜைக்காரர்களும் டீ கிளாஸோடு நெருங்கி வந்தார்கள்.

"அது கிரேக்க பாஷைம்மா. கோர்ட்ல குற்றம் சாட்டப்பட்டவன் எழுந்து நின்னு தன் பக்கத்து நியாயத்தைப் பேசுவான் பாரு, அந்தப் பேச்சுக்குப் பேரு அபொலொகியா. 'நான் பண்ணலை, பண்ணினதும் தப்பில்லை'ன்னு வாதாடறது. இங்கிலீஷுக்கு வந்த புதுசுலயும் அதே அர்த்தம்தான். செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டு வருத்தப்படறதுங்கிற அர்த்தம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது."

"அப்போ நம்ம லெட்டர்தான் சார் ஒரிஜினல் அர்த்தத்துல இருக்கு!" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் தங்கையின் போன் வந்தது.

"அண்ணா, வேலையா இருக்கியா? பொடிசு வரைஞ்ச படமெல்லாம் சுருட்டி காலேஜுக்கு அனுப்பினோம்ல, உங்க கம்பெனிலதான் போட்டோம். இன்னும் போய்ச் சேரலையாம். கடைசித் தேதி நெருங்குது. கொஞ்சம் என்னன்னு பாருண்ணா."

பொடிசு என்பது தங்கை மகள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள், ஆள் வளர்ந்துவிட்டாலும் பெயர் வளரவில்லை. ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள். வரைந்த படங்களைப் பார்த்துத்தான் அங்கே இடம் கொடுப்பார்கள். "படம் வரைஞ்சு என்னத்தைக் கிழிக்கப் போறே?" என்று அவள் அப்பா குதித்தார். லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர், கணக்கோ கம்ப்யூட்டரோ படிக்கட்டும் என்று அவருக்கு ஆசை. கடைசியில் இந்த ஒரு தடவைதான், கிடைத்தால் போ, கிடைக்காவிட்டால் நான் சொல்கிற படிப்பு என்று சம்மதித்திருந்தார்.

சாரி சார் எண்ணைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். 'வழியில்' என்று காட்டியது.

"வழியில இருக்கும்மா. வந்துடும். நான் இருக்கேன்ல, கவலைப்படாதே."

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நீளச் சுருளைப் பற்றிக் கம்ப்யூட்டர் சொல்வதை நம்பக் கூடாது என்று அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரியாதா? லாரிக்கு என்று முத்திரை விழுந்த பிறகும் அவை உருண்டு சுவரோரமாக மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படித் தொலைந்த சுருள்களுக்கு அவரே எத்தனை கடிதம் போட்டிருக்கிறார்! ஒரு மாடி இறங்கி, குனிந்து பார்த்திருந்தால் போதும். டீ ஆறிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் கூடியிருந்தது. கிரேக்கக் கோர்ட்டில் பேச்சைப் பாதியில் விட்டிருந்தார். இறங்கவில்லை.

கடைசித் தேதி போன பிறகு தங்கை மறுபடி கூப்பிட்டாள்.

"லேட்டாப் போச்சாம்ணா. வாங்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அட்ரஸ்ல எதையோ தப்பா எழுதித் தொலைச்சிருக்கா. உங்க ஆபீஸ்ல, அதுவும் நீ இருக்கிற இடத்துல, தப்பு நடக்குமா?"

"இருக்கும்மா," என்றார் அண்ணன். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுலதான் கவனம்."

வாய் தவறி வந்த சொல்தான். அப்போது அவருக்கு உண்மை தெரியாது. மறுநாளே தெரிந்துவிட்டது. மாடிப்படியில் எதிரே வந்த குடோன் மேஸ்திரி போகிற போக்கில் சொன்னார்.

"சார், கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நீளக் குழாய் சுவரோரமா மூட்டைக்குப் பின்னாடி கிடந்துச்சு. ஏதோ காலேஜ் அட்ரஸ். பார்த்ததும் ஏத்தி விட்டுட்டேன். புகார் கிகார் வந்தா நீங்க பார்த்துக்கோங்க."

சாரி சாருக்குக் கால் படியிலேயே நின்றுவிட்டது. தங்கைக்கு உடனே போன் போட்டிருக்கலாம். போடவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். சாயங்காலம் ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை தலைவலி வந்துவிட்டது. சொல்லி என்ன ஆகப்போகிறது, போன சீட் திரும்பவா போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல். சொல்ல மனமில்லாதவனுக்கு எந்தக் கிழமையும் ஆகாது.

இப்படியே நாள் ஓடியது. ஒரு மத்தியானம் அந்தப் புதிய பெண் ஒரு நகலையும் ஒரு புகாரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இதுக்கு நாம போன வாரம் அனுப்பின பதில் பொருந்தலை. இந்தப் பொண்ணு பணம் எதுவும் திருப்பிக் கேக்கலை சார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கு."

வாங்கிப் பார்த்தார். தாமத அடுக்கிலிருந்து வந்தது. பெயர் பள்ளிக்கூடத்தில் கொடுத்த முழுப் பெயர். அவர் வாய் ஒரு நாளும் சொல்லிப் பழகாத பெயர், போன வாரம் கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை. முதல் வரியைத் தாண்டி முதல் முறையாகப் படித்தார்.

'ஐயா, என் பார்சல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. நான் முகவரியைத் தவறாக எழுதியிருந்தேனா என்று மட்டும் தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். நான்கு தடவை சரிபார்த்துத்தான் எழுதினேன். ஆனால் வீட்டில் எல்லோரும் நான்தான் தவறு செய்தேன் என்கிறார்கள். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. என் மாமா உங்கள் ஆபீஸில்தான் வேலை செய்கிறார். அவரும் அப்படித்தான் சொன்னாராம். அதனால் அவரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.'

அதற்குப் பின்னால் சேர்த்துக் குத்தியிருந்தது பதிலின் நகல். ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின். அடியில் அவருடைய கையெழுத்து, வழக்கமான சுழியோடு.

காதுமடல் வரைக்கும் சூடேறியது. அந்தப் பெண் பக்கத்தில் நிற்கிறாளே என்று நிமிரவும் முடியவில்லை. அகராதி மேஜையில் கிடந்தது. அதை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

"தெரிஞ்சவங்களா சார்?" என்று கேட்டாள் அவள்.

"என் தங்கை பொண்ணு," என்றார். பையை எடுத்துக்கொண்டு, அரை நாள் லீவு என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

தங்கை வீடு இரண்டே அறை. முன்னறையில் தையல் மெஷின். கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பாள். அண்ணனைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "என்னண்ணா திடீர்னு! உக்காரு, உக்காரு. முகமெல்லாம் வேர்த்திருக்கு." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பொடிசு உள்ளறை வாசலில் வந்து நின்று, "வாங்க மாமா," என்றாள். முன்பெல்லாம் ஓடி வந்து பையைத் துழாவுகிற பெண். இப்போது கதவு நிலையைவிட்டு நகரவில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் தங்கை மெஷின் மேலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"நீயே பாருண்ணா இந்தக் கூத்தை. எங்களுக்குத் தெரியாம உங்க கம்பெனி மேலயே புகார் எழுதிப் போட்டிருக்கா! தப்பு பண்ணினது இவ, பதில் பாரு எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க. உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு உசிரே போயிடுச்சு. உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு நானே வெக்கப்பட்டுட்டு இருந்தேன்."

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாகக் கேட்டிருக்கிறோம். தள்ளப்பட்டவர்கள் குதிரையிடம் வெட்கப்பட்டு நிற்பதைச் சாரி சார் அன்றுதான் பார்த்தார்.

"இல்லம்மா... அது வந்து," என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே போனார். சீசன் நேரம், குடோனில் ஆள் பற்றாக்குறை. லாரி ஒன்று ரிப்பேர். கம்ப்யூட்டரில் வழியில் என்று காட்டினால் மனுஷன் என்னதான் செய்ய முடியும்? நீளச் சுருள் என்றாலே தொந்தரவு. தட்டையான அட்டைப் பெட்டியில் போட்டிருந்தால்... பேசப் பேச, தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. கோர்ட்டில் எழுந்து நின்று பேசுகிறவனின் பேச்சு. டீ சிந்தச் சிந்தச் சிரித்துக்கொண்டே அவர் விளக்கிய அதே பேச்சு. சப்பைக்கட்டு கட்டக் கட்ட அவருக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை.

தங்கை தலையைத் தலையை ஆட்டினாள். "ஆமாண்ணா, உங்களுக்கும் எவ்வளவு கஷ்டம்."

"மாமா," என்றாள் பொடிசு. "அட்ரஸ் சரியா இருந்துச்சா?"

"அதாவதும்மா, அட்ரஸ்ங்கிறது..."

"சரியா இருந்துச்சா, இல்லையா மாமா?"

சாரி சார் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"சரியா இருந்துச்சும்மா," என்றார். "உன் மேல ஒரு தப்பும் இல்லை. படம் எங்க குடோன்லயே கிடந்துச்சு. உங்கம்மா போன் பண்ணினப்போ நான் டீ குடிச்சிட்டு, கதை பேசிட்டு இருந்தேன். கீழே இறங்கிப் போய்ப் பார்க்கலை. பார்த்திருந்தா அன்னிக்கே கிடைச்சிருக்கும். அப்புறம் உண்மை தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லலை. நீ எழுதினதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். எல்லாம் நான்தான். என்னை மன்னிச்சுக்கோம்மா."

ஒரு வழியாக அந்தச் சொல் வந்துவிட்டது. வந்ததும் மனம் லேசாகும் என்று எவனோ சொன்னான். ஒன்றும் லேசாகவில்லை.

தங்கை அண்ணனைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மெஷின் முன்னால் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை பேச்சுப் பேசியிருந்தாள் அந்தப் பெண்ணை! ஒரு விலாசம் எழுதத் துப்பில்லை, உனக்கெல்லாம் காலேஜ் ஒரு கேடா என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருந்தாள். எல்லாம் அண்ணன் மேல் வைத்த நம்பிக்கையில்.

"அப்பா வர நேரம்தான்," என்றாள் பொடிசு. குரலில் கோபம் இல்லை. "அவர்கிட்டயும் இப்படியே சொல்லிட்டுப் போங்க மாமா. கம்ப்யூட்டர், லாரியெல்லாம் வேண்டாம். இப்போ கடைசியா சொன்னீங்கள்ல, அதை மட்டும் சொல்லுங்க."

காத்திருந்தார். எழுந்து போகவும் முடியாமல், நாற்காலியில் சாயவும் முடியாமல், நுனியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வந்தார், கையில் எண்ணெய்க் கறையோடு. "அடடே, வாங்க மச்சான்! பெரிய ஆபீஸர் நம்ம வீட்டுப் பக்கம்!" என்று சிரித்தார். அந்தச் சிரித்த முகத்துக்கு நேரே எழுந்து நின்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாப்பிள்ளை உள்ளே போனார். அலமாரி மேலே தூக்கி எறிந்திருந்த நீளக் குழாயை எட்டி எடுத்தார். தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்தார். மூடியைத் திறக்கப் போனவர் கைக்கறையைப் பார்த்துத் தயங்கினார்.

"நீயே பிரிச்சுக் காட்டு," என்றார் மகளிடம். "நான் இன்னும் ஒண்ணுகூடப் பார்க்கலை."

தரையில் ஒவ்வொன்றாக விரித்தாள். தங்கை எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மெஷினில் குனிந்து ஊசியில் நூல் கோக்கும் அம்மா. சாப்பிடாமல் அப்படியே தூங்கிப்போன அப்பா. கொடியில் காயும் தலையணை உறைகள். தங்கை மகளின் தலையைத் தடவினாள். "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள். கேட்கும்போதே உடைந்து அழுதாள்.

சாரி சார் நின்ற இடத்திலிருந்து படங்களெல்லாம் தலைகீழாகத் தெரிந்தன. சுற்றிப் போய்ப் பார்க்க உரிமை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. தங்கை தன்னையும் ஒரு தடவை கேட்பாளா என்று, வெட்கம்கெட்ட மனம், காத்திருந்தது. அவள் கேட்கவில்லை. செருப்பை மாட்டினார்.

வாசல்வரை வந்தவள் பொடிசுதான். கையில் அந்தக் கம்பெனிக் கடிதம். திருப்பித் தரத்தான் எடுத்து வருகிறாள் என்று கையை நீட்டினார். அவள் தரவில்லை. அதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டாள்.

"இதே லெட்டரை இதுவரைக்கும் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பீங்க மாமா?"